நாணயம் இல்லாத ஊரில் டயர் பார்ப்பது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பர்மாவில் மோல்மேனுக்குத் தெற்கே உள்ள முடோனிலிருந்து எழுதுகிறேன். என் மகன் கைப்பேசியில் உங்கள் பத்திரிகையைத் திறந்து கொடுப்பான். மாவு அரைபடும் நேரத்தில் வாசிப்பேன். மழைக்கால பைக் பராமரிப்பு பற்றி நீங்கள் போட்ட குறிப்பில், டயர் பள்ளத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை நிறுத்திப் பார்க்கச் சொல்லியிருந்தீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இங்கே புழக்கத்தில் நாணயமே கிடையாது, எல்லாம் கியாட் நோட்டுதான்.

நான் தீக்குச்சியால் பார்ப்பேன். சாதாரணக் குச்சி ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் கனம் இருக்கும். பள்ளத்தில் படுக்க வைத்தால் முழுசாக உள்ளே அடங்க வேண்டும். மேலே துருத்தினால் மழைக்கு முன்பே டயரை மாற்றிவிடுவேன். இந்தியச் சட்டம் இரு சக்கர வண்டிக்கு 0.8 மி.மீ. வரை விடுகிறது. பள்ளத்தின் அடியில் அங்கங்கே சின்ன மேடு இருக்கும், அது எங்கே என்று காட்ட டயரின் பக்கவாட்டில் 'டிடபிள்யூஐ' (TWI) என்றோ முக்கோணமாகவோ குறி போட்டிருப்பார்கள். டயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. ஆனால் எங்கள் மழைக்கு அதுவரை காத்திருக்க முடியாது. மே பாதியில் பிடித்தால் அக்டோபர் வரை விடாது. அந்தப் பள்ளம்தான் தண்ணீர் ஓடும் வாய்க்கால். வாய்க்கால் தூர்ந்தால் சக்கரம் தண்ணீர் மேலேதான் ஓடும்.

டயரின் எந்த இடத்தில் பார்ப்பது என்று நீங்கள் எழுதவில்லை. வாரத்தில் ஆறு நாள், விடியும் முன் 25 வீசை மாவைப் (இங்கே இன்னும் வீசைக் கணக்குதான், ஏறக்குறைய 41 கிலோ வரும்) பின்னால் கட்டிக்கொண்டு 18 மைல் தள்ளி மோல்மேன் சந்தைக்குப் போகிறேன். பாரமும் நேர் ரோடும் சேர்ந்து பின் டயரை நடுவில் மட்டும் சப்பையாக்கிவிடும். ஓரத்தில் வரிகள் புதுசு மாதிரியே இருக்கும், நிற்கிற வண்டியில் கண்ணில் படுவதும் அந்த ஓரம்தான். என் வீட்டுக்காரர் இரண்டு மழைக்காலம் அதைப் பார்த்தே ஏமாந்தார். பெரிய ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி, நடுவில் மூன்று நான்கு இடத்தில் குச்சியை வைத்துப் பாருங்கள். காற்றுக் கூடினாலும் நடுப்பகுதிதான் தேயும், குறைந்தால் இரண்டு ஓரமும் போகும். காற்றைக் காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் சூடாகாமல் இருக்கும்போது பார்க்க வேண்டும்.

இவ்வளவு பார்த்தும் 2024 ஜூனில் விழுந்தேன். அதுவும் மூன்று வாரம் முன்பு வாங்கிய புது டயரோடு, குச்சி முழுசாக முங்குகிற பள்ளத்தோடு. இரண்டு பக்கமும் ரப்பர் தோட்டம். டயருக்குப் பால் கொடுக்கிற மரங்களுக்கு நடுவே டயர் வழுக்கி, ரோடெல்லாம் வெள்ளையாக மாவு. முழங்கை தோல் உரிந்ததைவிட அந்த மாவு போனதுதான் எனக்கு வலித்தது.

பஞ்சர் கடைக்காரர், இந்த ஊர் மோன் இனத்தவர், அவர்தான் "அமா (அக்கா), இதைப் பாருங்கள்" என்று டயரின் பக்கவாட்டைக் காட்டினார். சின்ன வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம்: 1116. 2016ஆம் ஆண்டின் 11வது வாரத்தில் செய்த டயர் என்று அர்த்தமாம். எட்டு வருடம் எங்கேயோ வெயிலில் தொங்கியிருக்கிறது. நகத்தால் அழுத்தினால் கொஞ்சம்கூட அமுங்கவில்லை, பள்ளத்தின் அடியில் முடி மாதிரி வெடிப்புகள். விற்ற கடையில் போய்க் கேட்டேன். "ஓட்டாத டயர் எப்படிப் பழசாகும்?" என்றார். தொடாத மாவு புளிக்காதா? ரப்பரும் அப்படித்தான். காற்றும் வெயிலும் பட்டுப்பட்டு இறுகிப்போய் ரோட்டைப் பிடிக்காது. பணம் திரும்ப வரவில்லை, அதைச் சொல்லி உங்கள் இடத்தை வீணாக்கவில்லை.

இப்போது பணம் கொடுப்பதற்கு முன் அந்த நான்கு இலக்கத்தைப் படித்துவிடுகிறேன். டயரின் மேல் எழுதியிருக்கும் அளவுக்குப் பக்கத்தில் உள்ள எண்ணையும் பார்க்கிறேன்: 38 என்றால் அந்த டயர் 132 கிலோ தாங்கும், 43 என்றால் 155. மாவு ஏற்றுகிறவளுக்கு இது முக்கியம். டயரோடு டியூபையும் மாற்றுகிறேன், அதில் மிச்சம் பிடிக்கப் போவதில்லை. அப்புறம் முதல் நூறு மைல் வளைவுகளில் மெதுவாகத்தான் போவேன், புது டயரின் வழவழப்பு போக வேண்டும்.

அடுத்த மழைக்குக் குறிப்பு போடும்போது நாணயத்துக்குப் பக்கத்தில் தீக்குச்சியையும் அந்த நான்கு இலக்கத்தையும் சேர்த்துவிடுங்கள். ரங்கூன் நகருக்குள் பைக்குக்குத் தடை, அங்கே இருப்பவர்களுக்கு இது தேவைப்படாது. முடோன், தட்டோன் பக்கம் உங்கள் பத்திரிகை படிக்கிற எங்களுக்கு வேண்டும்.

இப்படிக்கு,
மாவு விற்கும் வாசகி,
முடோன், மோன் மாநிலம்