செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை வாசகசாலையில் ஞாயிறுதோறும் நடைபெறும் நம் சதுரங்கப் பயிற்சி இவ்வாண்டு தடையின்றி நடந்தது. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று குகேஷ் 18 வயதில் உலகப் பட்டம் பெற்றதற்குப் பின், தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளும் மலையாள வழியில் படிக்கும் பிள்ளைகளும் ஆர்வத்துடன் சேர்ந்துள்ளனர். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

கறுப்புக் காய்களுடன் ஆடுவோருக்கு இவ்வாண்டு காரோ–கான் ஓப்பனிங்கையே (ஆட்டத்தைத் தொடங்கும் முறைகளுள் ஒன்று) முதன்மையாகக் கற்பித்தோம். வெள்ளை இ4 ஆட (எழுத்தும் எண்ணும் பலகையின் கட்டத்தைக் குறிக்கும்; காயின் பெயர் இல்லையென்றால் அது சிப்பாயின் நகர்த்தல்), கறுப்பு சி6 ஆடி, அடுத்து டி5-இல் மோதுவது இதன் அடிப்படை. பிரெஞ்சு ஓப்பனிங்கில் இ6 சிப்பாய்க்குப் பின்னால் அடைபட்டுக் கிடக்கும் வெள்ளைக் கட்டங்களில் குறுக்காக நகரும் பிஷப், இதில் பெரும்பாலும் முன்னதாகவே வெளியே வந்துவிடும் என்பதால் இதைத் தேர்ந்தோம். 1961-இல் மிகைல் தாலிடமிருந்து உலகப் பட்டத்தை மீட்ட சோவியத் வீரர் போட்வின்னிக்கும் அப்போட்டியில் இதை ஆடியிருக்கிறார்.

நம் ஆண்டுப் போட்டியின் இறுதிச் சுற்றில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் கறுப்புக் காய்களுடன் இதே ஓப்பனிங்கில் ஆடிய ஆட்டத்தை இங்கே விரிவாகப் பதிவு செய்வது என் கடமை. மூன்றாம் நகர்த்தலில் வெள்ளை இ5-க்கு முன்னேற, அவர் பிஷப்பை எஃப்5-இல் நிறுத்தினார். வெள்ளை உடனே எச்4 ஆடியது. பார்வைக்குச் சாதாரணமான இந்த நகர்த்தலுக்கு, பழக்கத்தில் இ6 என்று பதில் ஆடினால், ஜி4, பிஷப் இ4, எஃப்3, பிஷப் ஜி6, எச்5 என்ற வரிசையில் பிஷப் சிக்கிவிடும். வகுப்பில் இதை நாங்கள் காட்டியதில்லை. தொட்ட காயை ஆடியே தீர வேண்டும் என்ற விதியை மனத்தில் கொண்டு, கைகளை மடியில் கோத்தபடி நெடுநேரம் யோசித்த அவர், இறுதியில் எச்5 ஆடி அதைத் தடுத்தார். பின்னர் டி3-இல் பிஷப்புகள் வெட்டுப்பட, அவருடைய குதிரை இ7 வழியாக எஃப்5-க்கு வந்து எச்4 சிப்பாயைக் குறிவைத்தது. வெள்ளை காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றுவது) செய்து யானையை நகர்த்திவிட்டதால் அச்சிப்பாய்க்கு எஃப்3 குதிரை ஒன்றே காவலாக நின்றது. அது விலகியதும் சிப்பாய் விழுந்தது, கூடுதல் சிப்பாயுடன், காய்கள் குறைந்த கடைசிக் கட்டமான முடிவாட்டத்தையும் அவர் வென்றார்.

நாம் பெற்ற கோப்பைகளைவிட அந்த எச்5 நகர்த்தலையே இவ்வாண்டின் பெரும் பலனாகக் கருதுகிறேன். காரணம் தெரிந்து கற்ற பிள்ளையால்தான் காணாத கண்ணியையும் காண முடிந்தது. அந்த ஆட்டத்தின் பதிவுத் தாள் வாசகசாலையில் வைக்கப்பட்டுள்ளது.

வரும் ஆண்டில் முடிவாட்டப் பயிற்சியைத் தொடங்கவும், கூடுதல் டிஜிட்டல் கடிகாரங்கள் வாங்கவும் பேரவையின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்