கம்பளிப்புழு: முதல் மழையிலேயே விளக்குப்பொறி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மானாவாரி நிலக்கடலையைச் சிவப்புக் கம்பளிப்புழு மொட்டையடித்த பிறகு மருந்துக்கடைக்கு ஓடுவது தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிற்க வேண்டும். வளர்ந்த புழுவின் அடர்ந்த முடி மருந்தை உடம்பில் சரியாகப் படவிடாது, பணம்தான் போகும்.

வரப்பிலும் மரத்தடியிலும் மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகக் கிடப்பது, நல்ல மழை பெய்த சில நாளில் அந்துப்பூச்சியாக வெளிவரும். வெள்ளை இறக்கை, பழுப்புக் கீற்றுகள், முன்விளிம்பில் மஞ்சள் பட்டை. அந்த இரவுகளில் 7 முதல் 11 மணி வரை, பூச்சியை வெளிச்சத்தால் இழுத்துப் பிடிக்கும் விளக்குப்பொறி எரிய வேண்டும். அடியில் மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர்த் தட்டு கட்டாயம். தட்டில்லாத விளக்கு பூச்சியை நம் கொல்லைக்கே அழைத்துவந்து பக்கத்துச் செடியில் முட்டையிட வைக்கும். ஊரே சேர்ந்து வைத்தால்தான் பலன்.

தப்பிய பூச்சி இலையடியில் குவியலாக முட்டையிடும். இளம்புழுக்கள் கூட்டமாகச் சுரண்டி வெளுத்த இலைகளைக் கிள்ளி அழிக்கலாம். வரப்போரம் தட்டைப்பயறு, ஆமணக்கு விதைத்திருந்தால் தேடுவது சுலபம். புழு கொல்லை தாண்டி ஊரத் தொடங்கிவிட்டால், சுற்றிலும் ஓரடி ஆழத்துக்குப் பள்ளம் வெட்டித் தடுப்பதே வழி.

மண்ணுக்குள் கிடக்கும் கூட்டுப்புழுவை வெளியே புரட்டிப்போடும் கோடை உழவையும் விளக்குப்பொறியையும் மழைக்கு முன்பே ஊராட்சிகள் ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டுகிறோம்.

மானாவாரி நிலக்கடலை விவசாயிகள்,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்