சிரித்த முகங்கள் பதினொன்று

மூணாறு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள செல்வத்துக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. இங்கே மழை விட்டபாடில்லை. மற்றபடி அனைவரும் நலம். நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவிலிருந்து சரசு ஏன் விலகினாள் என்று கேட்டிருந்தாய். அதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனெனில் அதில் என் பங்கும் உண்டு.

2015 செப்டம்பர் வேலைநிறுத்தத்தின் பழைய வீடியோ ஒன்றை அவள் குழுவில் போட்டிருந்தாள். போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைத்ததற்காக, தேயிலைக் கொழுந்து கிள்ளும் நம் தமிழ்ப் பெண்கள் 'பெம்பிளை ஒருமை' (பெண்கள் ஒற்றுமை) என்று திரண்டு, தொழிற்சங்கத் தலைவர்களைக்கூட அண்டவிடாமல் ஒன்பது நாள் போராடி, 8.33 சதவீத போனஸும் 11.67 சதவீதக் கருணைத்தொகையுமாக அந்த 20 சதவீதத்தைத் திரும்ப வாங்கியதை நீ மறந்திருக்க மாட்டாய். "ஆண்கள் பேசிக் கெடுத்ததைப் பெண்கள் உட்கார்ந்தே மீட்டோம்" என்று வீடியோவின் கீழே எழுதியிருந்தாள். நியாயமான பேச்சுதான், கொஞ்சம் குத்தலும் இருந்தது.

அதற்கு நம் வகுப்புக்காரன் ஒருவன், போனஸைப் பற்றி ஒரு சொல்கூட எழுதாமல், அவள் புருஷன் அவளை விட்டுப் போனதை எழுதினான். உடனே பெண்கள் பக்கத்திலிருந்து, தோட்டத்து லயக் குடியிருப்பு ஆண்களுக்கு பிராந்திக் கடையைத் தவிர வேறென்ன தெரியும் என்று பதில் வந்தது. என் அப்பா கடைசிவரை கவாத்துக் கத்தி பிடித்தவர், ஒரு சொட்டுக் குடித்ததில்லை, எனக்கும் சுருக்கென்றது.

போலீசுக்குப் போகலாம் என்றார் ஒருவர். கேரளம் சட்டம் போட்டுப் பார்க்காமல் இல்லை. பிறருக்குத் தொல்லை தரும் பேச்சையும் எழுத்தையும் குற்றமாக்கிய இங்குள்ள போலீஸ் சட்டத்தின் 118(டி) பிரிவை, இணையத்தில் புண்படுத்தும் செய்திகளைத் தண்டித்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவோடு சேர்த்து, உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் ரத்து செய்தது. 2020 நவம்பரில், இழிவுபடுத்தும் பதிவுகளைத் தண்டிக்க 118ஏ என்று அவசரச் சட்டம் கொண்டுவந்த கேரள அரசு, பேச்சுரிமை பறிபோகும் என்று எழுந்த எதிர்ப்பால் சில நாட்களிலேயே பின்வாங்கியது. மிரட்டலுக்கும் ஆபாசத்துக்கும் போலீசிடம் போகத்தான் வேண்டும். ஆனால் நாற்பது வருடப் பழக்கத்தில் தெரிந்துகொண்ட ஒருத்தியின் துயரத்தை எடுத்து அவள் வாயை அடைப்பதை எந்தப் பிரிவில் சேர்ப்பது?

மறுநாள் கடைத்தெருவில் சரசுவைப் பார்த்தேன். கொழுந்துக் கறை போகாத விரலால், கீறல் விழுந்த போனைத் தள்ளித் தள்ளி அந்தச் செய்தியைக் காட்டினாள். அதன் கீழே பதினொரு சிரித்த முகங்கள், மூன்றாவது என்னுடையது. எழுதியவன் நெருங்கிய நண்பன் என்பதால், முழுதாகப் படிக்காமலே தட்டியிருக்கிறேன். "அவன் எழுதினது எனக்குப் புதுசில்லை, வாத்தியாரே. உன் பேரை அங்கே பார்த்ததுதான்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை, மழை வலுத்ததும் ஜீப் ஏறிப் போய்விட்டாள்.

அன்றிரவே குழுவில் மன்னிப்புக் கேட்டேன். போனஸைப் பற்றிப் பேசினால் போனஸைப் பற்றியே பதில் சொல்வோம், அடுத்தவர் வீட்டுப் புருஷனையும் பெண்டாட்டியையும் இழுக்க வேண்டாம் என்றும் எழுதினேன். இரண்டு பேர் கைகூப்பினார்கள். எழுதியவன் இன்னும் வாய் திறக்கவில்லை. சரசு திரும்பவும் சேரவில்லை.

அந்தப் பதினொன்றில் உன் பெயரும் இருந்தது, செல்வம். அடுத்த மாதம் அவள் போடியில் மகள் வீட்டுக்கு வருகிறாளாம். போனில் பேசாதே, நேரில் போய்ப் பார்.

அன்புடன்,
முருகேசன்