கேரட் மூட்டைகளுக்கு நடுவே இடம் தந்த அண்ணனுக்கு

11 ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி அடைமழை. குன்னூர் பாதையில் மண் சரிந்து பஸ்கள் நின்றுவிட்டன. மறுநாள் காலை சென்னையில் எனக்கு நடிகர் தேர்வு. ஊட்டி மார்க்கெட் அருகே நனைந்து நின்றவனைப் பார்த்து, "கோத்தகிரி வழியாகப் போகிறேன், ஏறிக்கொள் தம்பி" என்று லாரியை நிறுத்தினீர்கள்.

முன்னால் இடமில்லை. தார்ப்பாய்க்கு அடியில், உங்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, வளைவுக்கு வளைவு வசனத்தை உரக்கச் சொல்லிப் பார்த்தேன். மூட்டைகள் கைதட்டவில்லை. மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் கிளம்பப் பத்து நிமிடம் இருக்கும்போது இறக்கிவிட்டீர்கள். காசு வாங்கவில்லை.

அந்த வேடம் கிடைக்கவில்லை, அண்ணா. ஆனால் அங்கிருந்த உதவி இயக்குநர் ஒருவர் என்னை நினைவில் வைத்திருந்தார். நான்கு மாதம் கழித்து ஒரே வசனம் பேசும் கான்ஸ்டபிள் வேடம். பிறகும் பெரும்பாலும் காக்கிச் சட்டைதான். வீட்டு வாடகையைக் கொடுத்தது டப்பிங்.

இந்த வாரம் ஊட்டிக்குப் பக்கத்தில், ஒன்பதாவது மைல் என்ற இடத்தில் படப்பிடிப்பு. முதல்முறையாகப் பெயருள்ள பாத்திரம். உங்கள் பெயரை அன்று கேட்காதது என் மடத்தனம். மூன்று நாளாக மார்க்கெட்டில் விசாரிக்கிறேன். கம்பளி என்னிடம்தான் இருக்கிறது. ஓரத்தில் கொஞ்சம் பூச்சி அரித்துவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.