'பழைய ரயில் பெட்டி' என்று எழுதிவைத்தவர்களுக்கு

எங்கள் ஊர் ரயில் அருங்காட்சியகப் பொறுப்பு அதிகாரிகளுக்கு,

வணக்கம். வாசலில் நிற்கும் மீட்டர்கேஜ் மரப்பெட்டி பற்றி இரண்டு மனு கொடுத்தாயிற்று. பதில் இல்லை. போன ஞாயிறு நடந்ததைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

அப்பாவுக்கு வயது 84. திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் தச்சராக இருந்தவர். இந்த மாதிரிப் பெட்டிகளைப் பிரித்துச் சேர்த்த கை அது. ஆசையாகக் கேட்டாரே என்று கூட்டி வந்தேன். தேக்கு முழுக்க நீல எனாமல் பூசி, மேலே கரடி பொம்மை வரைந்திருக்கிறீர்கள். பக்கத்தில் ஒரு பலகை: 'பழைய ரயில் பெட்டி. தொடாதீர்கள்.' அவ்வளவுதான்.

அப்பா கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டுப் பலகைகள் சேரும் இடத்தை விரலால் தடவினார். "காடி எடுத்து இறக்கினது" என்றார். ஒரு பலகையில் பள்ளம் செதுக்கி இன்னொன்றை அதில் பொருத்துவதைச் சொல்கிறார். காவலாளி விசில் அடித்தார். அப்பா சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். அப்புறம் சிரமப்பட்டுக் குனிந்து அடிச்சட்டத்தில் நம்பர் தேடினார். அதன் மேலும் பெயின்ட். நம்பர் கிடைத்தால் பெட்டியின் பூர்வீகத்தைத் தேடிப் பிடிக்கலாமாம். வீடு திரும்பும்வரை பஸ்ஸில் அவர் வாயே திறக்கவில்லை.

நாங்கள் கேட்பது பெரிய செலவில்லை. அந்தப் பெட்டியின் வரலாற்றை எழுதி ஒரு பலகை வையுங்கள்.

வேல்ஸ் இளவரசருக்காக 1875-இல் கட்டிய சலூன், அதாவது தனிச் சொகுசு ரயில் பெட்டி, டில்லியில் பத்திரமாக இருக்கிறது. மைசூர் மகாராணியின் 1899-ஆம் வருஷத்துச் சலூனைச் சமையலறையோடு மைசூரில் பார்க்கலாம். ராஜா ராணி ஏறிய பெட்டிக்கு வருஷம் உண்டு. மூட்டை முடிச்சோடு சனங்கள் நெருக்கியடித்த மூன்றாம் வகுப்புக்கு மட்டும் கிடையாது. 1955-இல் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை (ஐ.சி.எஃப்.) இரும்புப் பெட்டி கட்டத் தொடங்கியது. விபத்தில் மரப்பெட்டி நொறுங்கிவிடும், அதனால் அது சரிதான். ஆனால் மிஞ்சிய ஒன்றையும் பிறந்தநாள் கேக் வெட்ட வாடகைக்கு விடுவதா? அதற்கான கட்டண விவரம் மட்டும் பளிச்சென்று ஒட்டியிருக்கிறதே!

ரயிலைத் தவறவிட்ட ஓகில் சந்திர சென் 1909-இல் எழுதிய புகார்க் கடிதம் இன்று டில்லி ரயில் அருங்காட்சியகத்தில் காட்சிப்பொருள். என் மடலுக்கு அந்த மரியாதை வேண்டாம். பதில் போதும்.

கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். தயவுசெய்து பலகை வையுங்கள். அதற்கு முன் ஒரு நாள், அப்பா அந்த நம்பரைச் சுரண்டிப் பார்க்க அனுமதி கொடுங்கள். உப்புத்தாளை அவரே கொண்டுவருவார்.

இப்படிக்கு,
பொன்மலைத் தச்சர் ஒருவரின் மகள்