விந்தணுத் தேர்வுக்குத் தனிக் கட்டணமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விந்தணுவைத் தேர்ந்தெடுக்கும் நவீன முறைகளால் குழந்தை உறுதி என்ற தொனியில் நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். ஆய்வகத்தில் நுண்ணோக்கியோடு காலம் தள்ளியவள் என்பதால் எழுதுகிறேன்.

விந்தணுவின் வடிவத்தைக் கறாராக மதிப்பிடும் அளவுகோல் எங்கள் தென்னாப்பிரிக்காவில், கேப் டவுன் அருகே டைகர்பெர்க் மருத்துவமனையில், 1980களில் தைனஸ் க்ரூகர் குழுவினர் வகுத்தது. தலை வழவழப்பான முட்டை வடிவில் இருக்க வேண்டும். வால் சுருண்டிருக்கக் கூடாது. சிறு சந்தேகம் வந்தாலும் ‘கோளாறு’ என்றே குறிக்க வேண்டும். இந்தக் கணக்கில் நூற்றுக்கு நான்கு தேறினாலே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது தெரியாமல் அறிக்கையைப் பார்த்ததும் முகம் வெளிறிப் போகிறார்கள் ஆண்கள். (பரிசோதனைக்கே வராமல் மனைவியைக் குறை சொல்பவர்களைவிட இவர்கள் மேல்.) இந்த மதிப்பீட்டுக்காகச் சாயமேற்றிப் பார்த்த விந்தணு செத்துவிடும், சிகிச்சையில் கருமுட்டைக்குள் செலுத்துவது வேறொன்றை.

ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் நேராகக் கருமுட்டைக்குள் செலுத்துவதுதான் இக்ஸி. 1992 முதல் குழந்தைகளைத் தந்துவரும் அந்த முறையில், நன்றாக நீந்தும் ஒன்றைக் கண்ணால் பார்த்துப் பொறுக்கி, வாலை நசுக்கி, கண்ணாடி ஊசியில் உறிஞ்சுகிறார்கள். அந்தப் பொறுக்கலை மேம்படுத்தத்தான் பிக்ஸி வந்தது. கருமுட்டையைச் சுற்றி இயல்பாகவே இருக்கும் ஹயலூரோனன் என்ற பொருளைத் தடவிய தட்டில் முதிர்ந்த விந்தணு ஒட்டிக்கொள்ளும் என்பது கணக்கு. பிரிட்டனில் 2,700க்கும் மேற்பட்ட தம்பதியரிடம் இதைச் சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். நிறைமாதக் குழந்தை பிறந்தது பிக்ஸியில் 27.4 சதவீதம், வழக்கமான இக்ஸியில் 25.2. தற்செயலாகவும் வரக்கூடிய வித்தியாசம்தான் அது. கருச்சிதைவு மட்டும் குறைந்திருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சாட்ஸ்வொர்த்தில் என் தங்கை மகன் கட்டணப் பட்டியலை நீட்டி, “பெரியம்மா, இந்தப் பிக்ஸிக்கும் கட்டிவிடட்டுமா?” என்று கேட்டான். இங்கே மருத்துவக் காப்புறுதி பெரும்பாலும் இதற்குக் கைகொடுப்பதில்லை. வீட்டின் பேரில் கடன் வாங்குகிறார்கள். மனைவியின் வயதுக்காரர்களில், சிகிச்சை தொடங்கிய நூறு பேரில் எத்தனை பேர் குழந்தையோடு வீடு திரும்பினார்கள் என்று முதலில் கேட்கச் சொன்னேன். கருமுட்டையின் வயதை எந்தத் தட்டாலும் குறைக்க முடியாது.

இனி வெற்றி விகிதம் என்று அச்சிடும்போது, அது கர்ப்பக் கணக்கா பிரசவக் கணக்கா, எந்த வயதினருக்கு என்பதையும் பக்கத்திலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.