பாய்க்கப்பலைப் படத்தில் மட்டும் பார்த்த ‘நம்மவர்கள்’

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஹம்பேர்க் துறைமுக விழாவைப் பற்றி நீங்கள் வெளியிட்ட பயணக் கட்டுரையை ஆசையோடுதான் திறந்தேன். நான் குடியிருப்பது அந்த நகரத்தில்தான். எல்பே ஆறு, வரிசை கட்டி வரும் கப்பல்கள், வாணவேடிக்கை, நடுவில் கட்டுரையாளரின் குடும்பப் படம் என்று எல்லாம் கண்ணுக்கு நிறைவாக இருந்தது. நான்காம் பக்கம் வரைக்கும். அங்கே ஒரு வரி: “இத்தகைய பாய்க்கப்பல்களை நம்மவர்கள் படங்களில் மட்டுமே பார்த்திருக்கிறார்கள்.”

அந்த நம்மவர்கள் யார் ஐயா? நான் யாழ்ப்பாணத்துக் கடற்கரை ஊரான வல்வெட்டித்துறையில் பிறந்தவன். அம்மாவின் தகப்பனார் ஓடாவி, அதாவது மரக்கப்பல் கட்டும் தச்சர். கரையில் ஏற்றிவைத்த கப்பலின் வயிற்றுக்குக் கீழே உட்கார்ந்து கஞ்சி குடித்து வளர்ந்த பிள்ளை நான். யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவாங்கூருக்குப் போனதும், ரங்கூன் அரிசியும் தேக்கும் எங்கள் கரைக்கு வந்ததும் பாய் விரித்துத்தான். அவையெல்லாம் சித்திரக் கப்பல்கள் என்று இத்தனை வயதுக்குப் பிறகு உங்கள் இதழைப் படித்துத்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அன்னபூரணியை உங்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. இருந்தாலும் கட்டுரையாளருக்காக ஒருமுறை எழுதிவிடுகிறேன். வல்வெட்டித்துறையில் கட்டிய, இரண்டு பாய்மரம் கொண்ட கப்பல் அது. 89 அடி நீளம். அமெரிக்கக் கடலோடி வில்லியம் ரொபின்சன் அதை விலைக்கு வாங்கித் தன் மனைவியின் பெயரைச் சூட்டினார். அமெரிக்கக் கப்டன் ஒருவரோடு எங்கள் ஊர்க்காரர் ஐந்து பேர் சேர்ந்து, சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், அத்திலாந்திக் என்று ஓட்டிக்கொண்டுபோய், 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறையில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். குளோஸ்டர்க்காரர்கள் கரைக்கு வந்து நேரில் பார்த்த கப்பலை நம்மவர்கள் மட்டும் படத்தில் பார்த்தார்களாம்!

சரி, ஹம்பேர்க்குக்கே வருகிறேன். அங்கேயும் கட்டுரையாளர் கண்ணைத் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை. ‘றிக்மர் றிக்மர்ஸ்’ படத்தின் கீழே “நான்கு பாய்மரக் கப்பல்” என்று போட்டிருக்கிறீர்கள். படத்திலேயே மூன்று மரம்தான் நிற்கிறது, எண்ணிப் பார்க்கலாம். 1896இல் கட்டியது, முதலாம் உலகப் போரில் போர்த்துக்கேயர் கையில் அகப்பட்டு, பிறகு அவர்களுடைய பயிற்சிக் கப்பலாக இருந்து, கடைசியில் ஹம்பேர்க்கிலேயே அருங்காட்சியகமாக நிற்கிறது. நான்கு மரக் கப்பல் ஆற்றின் அடுத்த பக்கம் நிற்கிற ‘பீக்கிங்’. 1911இல் இதே நகரத்தில் கட்டி, சிலி நாட்டு வெடியுப்பு ஏற்ற, தென் அமெரிக்காவின் தென்கோடியான ஹோர்ன் முனையைச் சுற்றி ஓடிய கப்பல். எத்தனையோ வருசம் நியூயோர்க்கில் கிடந்ததைக் கோடிக்கணக்கில் யூரோ கொட்டித் திருப்பிக் கொண்டுவந்து, பழுது பார்த்து, 2020இல் எல்பேக்குள் இழுத்து வந்தார்கள். அன்று கரையில் நின்றவர்களில் நானும் ஒருவன். பக்கத்தில் நின்ற கிழவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கட்டுரையில் பீக்கிங்குக்கு ஒரு வரிகூடக் கிடையாது. பொரித்த மீன் பாணுக்கு அரைப் பக்கம்.

பாய்க்கப்பல் வாழ்க்கை “தேனிலவு போன்றது” என்றும் எழுதியிருக்கிறார். பீக்கிங்கை ஓட்டிய அதே கம்பனிக்காகக் கட்டிய ‘பாமிர்’ 1957இல் அத்திலாந்திக்கில் புயலில் மூழ்கியது. ஏறியிருந்த 86 பேரில் 80 பேர் திரும்பவில்லை. பாதிக்கு மேல் பயிற்சிக்கு வந்த பொடியன்கள். எங்கள் ஊரிலும் ரங்கூனுக்குப் போன கப்பலைப் பார்த்துக்கொண்டே கிழவியானவர்கள் இருந்தார்கள். அவர்களிடம் போய்த் தேனிலவு என்று சொல்லிப் பார்க்கட்டும்.

இழுவைக் கப்பல்களின் நடனத்தைச் “சிறுவர்களுக்கான வேடிக்கை” என்று தள்ளிவிட்டது இன்னொரு கொடுமை. பெரிய கொள்கலன் கப்பல்களை முட்டித் திருப்புகிற வேலைக்காரக் கப்பல்கள் அவை. விழாவின் சனிக்கிழமை மட்டும் இசைக்கு ஆடுகின்றன. அடியில் உள்ள உந்திகளை எந்தத் திசைக்கும் திருப்பலாம் என்பதால் நின்ற இடத்திலேயே சுழலும், பக்கவாட்டில் நண்டு மாதிரி நகரும். ஒன்றை ஒன்று தொட்டும் தொடாமலும், ஆற்றின் நீரோட்டத்துக்கு நடுவில், தண்ணீரைப் பீச்சியபடி. ஒரு கப்டனின் கை கொஞ்சம் பிசகினால் இரும்போடு இரும்பு மோதும். எங்கள் சங்கத்துப் பிள்ளைகள் பக்கத்து மேடையில் ஆடிய நடனத்தைவிட இதில் தாளம் சுத்தமாக இருந்தது என்று சொன்னால் இங்கே என்னை அடிக்க வருவார்கள்.

சங்கம் என்றதும் அதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே உள்ள ஒரு தமிழ்ச் சங்கம் ஆற்றங்கரை மேடையில் நிகழ்ச்சி கேட்டு வாங்கும். ஒவ்வொரு தரமும் அதே வரவேற்பு நடனம், அதே மயில், அதே பாம்பு. ஒரு தரமாவது ஓடாவிச் சாமான்களை வைத்து ஒரு சின்னச் சாவடி போடுவோம், கப்பலின் மாதிரி ஒன்றை நான் செய்து தருகிறேன் என்று கூட்டத்தில் எழுந்து கேட்டேன். “அண்ணை, உளியையும் சுத்தியலையும் பார்க்க ஆர் வரப்போயினம்?” என்று செயலாளர் தம்பி சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். தீர்மானம் நிறைவேறியது, மயிலுக்குப் புதுத் தோகை வாங்கினார்கள்.

ஆர் வருவார்கள் என்று நான் சொல்கிறேன். ஏவல்கொன்னே என்கிற ஆற்றங்கரையில் பழைய மரக்கப்பல்களைக் கட்டிவைத்திருக்கிறார்கள். சம்பளமில்லாமல் வந்து வேலை செய்கிறவர்கள்தான் அவற்றைப் பராமரிப்பது. ஒரு நாள் ஒருவர் தளத்துப் பலகை இடுக்கில் நார்த்திரியை வைத்து, உளியால் அடித்துச் செருகிக்கொண்டிருந்தார். தண்ணீர் புகாமல் இடுக்கை அடைக்கிற கலப்பத்து வேலை! நான் நின்ற நிலையைப் பார்த்துவிட்டுச் சுத்தியலை நீட்டினார். திரியை மடிப்பு மடிப்பாக இடுக்குக்குள் தள்ளி, உளியைச் சரித்துப் பிடித்து, சத்தம் மாறும்வரை அடித்தேன். இறுகின இடத்தில் ‘டொக்’ என்ற சத்தம் ‘டிங்’ என்று மாறும். அம்மப்பா காதால்தான் வேலை பார்ப்பார். அவர்கள் அதன்மேல் கீல் (தார் மாதிரி) ஊற்றுகிறார்கள், நாங்கள் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவோம். அவ்வளவுதான் வித்தியாசம். அந்த மனிதர் என்னிடம் கேட்ட கேள்விகளில் பாதியையாவது உங்கள் கட்டுரையாளர் யாரிடமாவது கேட்டிருக்கலாம்.

இன்னொன்று. 1189 மே 7ஆம் தேதி பேரரசர் பிரெடெரிக் பர்பரோசா கொடுத்த சாசனத்தால் துறைமுகம் பிறந்தது என்று பக்தியோடு எழுதியிருக்கிறீர்கள். இன்று கையில் இருக்கிற அந்தச் சாசனம் 13ஆம் நூற்றாண்டில் நகரத்தார் செய்துகொண்ட கள்ளப் பத்திரம் என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். (பாவம் பர்பரோசா, அடுத்த வருடமே சிலுவைப் போருக்குப் போகிற வழியில் ஓர் ஆற்றில் மூழ்கிச் செத்தார்.) கள்ளப் பத்திரம் என்று தெரிந்தும் 1977இலிருந்து வருடாவருடம் பத்து இலட்சம் பேரை ஆற்றங்கரைக்குக் கூட்டிவந்து கொண்டாடுகிறார்கள். இதற்காக அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். நமக்கு உண்மையான கப்பலும் உண்மையான வருடமும் இருந்தும், இல்லையென்று அச்சிட்டுக் கொடுக்க ஆள் இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

உங்கள் இதழுக்கும் கடலுக்கும் ராசியில்லை. முன்பு சோழர் கடற்படைச் சிறப்பிதழ் போட்டபோது அட்டையில் இராசேந்திரனை ஏற்றிய கப்பலின் பாயில் பெரிய சிவப்புச் சிலுவை இருந்தது. போர்த்துக்கேயர் கப்பல்! 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தை முடித்துவைத்தவர்களின் கப்பலில் சோழனைக் கடாரத்துக்கு அனுப்பிவைத்தீர்கள். அதைக் குறித்து நான் எழுதிய நாலு பக்கக் கடிதம் “சிறப்பிதழ் அருமை – ஹம்பேர்க் வாசகர்” என்று வெளிவந்தது. அந்தச் சொற்கள் என் கடிதத்தில் எங்கேயும் இல்லை. பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டேன்.

இப்போது நான் கேட்பது அதிகமில்லை. அடுத்த இதழில் றிக்மர் றிக்மர்ஸுக்கு மூன்று பாய்மரம் என்று திருத்தம் போடுங்கள். மேலே சொன்ன வரியைத் திரும்பப் பெறுங்கள். இடமிருந்தால், தபால் முத்திரை அளவிலாவது அன்னபூரணியின் படம் ஒன்று. குளோஸ்டரில் எடுத்த படங்கள் இருக்கின்றன, தேடினால் கிடைக்கும். தயவுசெய்து பாயில் சிலுவை இருக்கிறதா என்று பார்த்துப் போடவும்.

என் சந்தா இந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்கும் படிவத்தை நிரப்பி உறையில் போட்டு வைத்திருக்கிறேன். திருத்தம் வந்த இதழ் கைக்குக் கிடைத்ததும் தபாலில் சேர்ப்பேன்.

இப்படிக்கு,
வல்வையூர் வாசகர்,
ஹம்பேர்க், ஜேர்மனி.